சுவர் கடைசியில்தான்: பினாங்குப் பிள்ளைகளுக்குத் தெருக்கலை

பட்டர்வொர்த் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவர் கேள்வி இது: "நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளியின் பின்பக்கச் சுவரைக் கொடுத்திருக்கிறது. ஜார்ஜ் டவுனில் இருப்பதுபோல் ஒன்று வரைய வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. எனக்கு ஓவியம் வராது. வெளியிலிருந்து ஓவியர் ஒருவரை அழைத்து அவர் கோடு போட, பிள்ளைகள் வண்ணம் தீட்டினால் போதுமா? அக்கம்பக்கத்து மக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?"

டீச்சர், வணக்கம். போதாது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் என் பழைய கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பதினைந்து ஆண்டுகளாகத் தீவிலும் பெருநிலத்திலும் பிள்ளைகளோடு சுவர் வேலை செய்து வருகிறேன். முதல் மூன்று சுவர்களும் நீங்கள் சொல்லும் முறையில்தான் நடந்தன. ஓவியர் கோடு போட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டத்தில் வண்ணம் அடித்தார்கள். வானவில், பூமிப்பந்து, கைகோத்து நிற்கும் மூவினக் குழந்தைகள் என்று நம் நாட்டுப் பள்ளிச் சுவர்களில் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கும் அதே படம். திறப்பு விழாவன்று எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம், "இதில் நீ வரைந்தது எதும்மா?" என்று கேட்டேன். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு, "நான் பச்சை" என்றாள்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் கோடு போட்டுக் கொடுப்பதில்லை.

கோடு போடாவிட்டால் முப்பது பிள்ளைகள் முப்பது திசையில் கிறுக்கிவிட மாட்டார்களா என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. அந்தப் பயத்துக்கு மருந்து நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. சிக்குக்கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் புள்ளி. எத்தனை வரிசை, எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பது முடிவாகிவிடும். அதன் பிறகு இழை எந்தப் புள்ளியை எப்படி வளைக்கும் என்பது இழுக்கிற கையைப் பொறுத்தது. அம்மா ஒரு பக்கமும் அத்தை மறுபக்கமுமாகத் தொடங்கி நடுவில் வந்து சேர்ந்துகொள்வார்கள். யாரும் யாருக்கும் வண்ணம் நிரப்புவதில்லை. ஆனாலும் கோலம் ஒன்றாகத்தான் முடிகிறது. பலர் கூடிச் செய்யும் கலைக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எந்தப் பயிலரங்கிலும் கற்கவில்லை. பெரியவர்கள் புள்ளி வைக்கலாம். இழை பிள்ளைகளுடையது.

(தீபாவளிக்குப் பேரங்காடிகளில் வண்ண அரிசியில் போடும் பிரமாண்டக் கோலங்களை நான் இங்கே சொல்லவில்லை. அவற்றின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் கயிறு கட்டித் தள்ளி நின்று பார்க்க வைக்கும் கோலத்துக்கும், காலையில் மாவில் போட்டு மாலைக்குள் மிதிபட்டு எறும்பு தின்று போகும் கோலத்துக்கும் நடுவே நிறையத் தூரம் இருக்கிறது. இரண்டாவதுதான் தெருக்கலைக்கு உறவுக்காரி: பொது இடத்தில், கூலி இல்லாமல், அழியப்போவது தெரிந்தே போடப்படுவது. பிள்ளைகளிடம் "தெருக்கலை என்றால் என்ன?" என்று பாடம் நடத்துவதைவிட, "உங்கள் பாட்டி போட்டதும் தெருக்கலைதானா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அரை மணி நேரம் சண்டை போடுவார்கள்.)

கோடு போட்டுக் கொடுப்பது எப்போதும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 1989-இல் அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங் சிகாகோவில் பொதுப்பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய 500 பேரோடு ஒரு நீண்ட சுவரோவியம் செய்தார். தடித்த கறுப்புக் கோடுகளை அவரே இழுத்தார். நடுவிலிருந்த இடங்களில் மாணவர்கள் தங்களுக்குத் தோன்றியதை வரைந்தும் எழுதியும் நிரப்பினார்கள். அங்கே கோடு புள்ளியின் வேலையைச் செய்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஓவியர் ஜூடி பாக்கா 1976-இல் தொடங்கி, 400-க்கும் மேற்பட்ட இளைஞர்களோடு பல கோடைக்காலங்கள் உழைத்து, வெள்ள வடிகால் ஒன்றின் சுவரில் ஏறக்குறைய 840 மீட்டர் நீளத்துக்கு அந்தப் பகுதி மக்களின் வரலாற்றை வரைந்தார். அவருடைய வேலையில் வண்ணத்துக்கு முன்னால் வந்தது தேடல்: இந்த ஊரில் முன்பு யார் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன நேர்ந்தது. நீங்கள் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள் அல்லவா, அங்கிருந்துதான்.

எனவே பத்து வாரங்கள் இருக்கின்றன என்றால், கடைசி இரண்டு வாரம்தான் சுவருக்கு. முதல் எட்டு வாரம் சுவர் என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

முதல் வேலை, பிள்ளைகளைப் பெர்ரியில் ஏற்றி அக்கரைக்குக் கூட்டிப் போவது. படகுத்துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் லெபோ ஆர்மேனியன் (லெபோ என்றால் தெரு) நடந்து போகிற தூரம்தான். லித்துவேனியாவில் பிறந்த ஓவியர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் 2012-இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்த சைக்கிள் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஓடிப்போய்ப் படம் எடுக்கத்தான் செய்வார்கள், எடுக்கட்டும். அது முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி: வண்ணம் எங்கே முடிகிறது, பொருள் எங்கே தொடங்குகிறது? சைக்கிள் நிஜ இரும்பு. பிள்ளைகள் வெறும் சாயம். கண்டுபிடித்தவுடன் ஓர் "ஓ" எழும். லெபோ ஆ குவீயில் நிற்கும் மோட்டார் சைக்கிளிலும் அதே வித்தைதான். சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல், ஜன்னல், குழாய், கம்பி எல்லாவற்றையும் படத்துக்குள் இழுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பிள்ளைகள் மண்டையில் ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது. உங்கள் பள்ளிச் சுவரிலும் ஒரு மழைநீர்க் குழாய் கட்டாயம் இருக்கும். அதை மறைக்கத்தான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். இந்த உலாவுக்குப் பிறகு தோன்றாது.

இன்னொரு பயிற்சியும் அங்கேயே செய்யலாம். படம் எடுக்க வரிசையில் நிற்பவர்களைப் பத்து நிமிடம் கவனித்து, ஓவியத்தை விட்டுவிட்டு அந்த வரிசையை வரையச் சொல்லுங்கள். யார் எப்படி நிற்கிறார்கள், யார் தொடுகிறார்கள், பக்கத்துக் கடைக்காரர் முகம் எப்படி இருக்கிறது? கடைக்காரரின் முகத்தை ஒரு பையன் வரைந்துகொண்டு வந்தான். அதைப் பார்த்தால் ஐந்தடியில், அதாவது கடைக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையில், நாள்முழுவதும் பிறர் முதுகைப் பார்த்துக் கழிக்கும் ஒரு மனிதரின் அலுப்பு அத்தனையும் தெரிந்தது. ஊர் 2008 ஜூலை 7-ஆம் நாள் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியதும், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி 2000-ஆம் ஆண்டு பிறந்ததிலிருந்தே பழைய குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேறியதும், சுவரோவியம் பார்க்க வரும் கூட்டமும் ஒரே தெருவில் நடந்த கதைகள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைப் பொருளாதாரமாகச் சொல்ல வேண்டாம். "இந்தப் படம் வந்த பிறகு இந்தக் கடைக்கு நல்லதா கெட்டதா, போய்க் கேட்டு வா" என்றால் போதும்.

வழியில் இரும்புக்கம்பிக் கேலிச்சித்திரங்களையும் காட்டுங்கள். மாநில அரசு ஏற்பாட்டில் தெருக்களின் கதையைச் சொல்ல வைத்தவை, மொத்தம் 52. காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகிய தெருவில் அவரைப் பற்றிய ஒன்று இருக்கிறது. கம்பி ஒரே கோடாக ஓடுவதால் பிள்ளைகள் அதை எளிதில் பிடித்துக்கொள்வார்கள். வகுப்புக்குத் திரும்பியதும் மெல்லிய கட்டுக்கம்பியைக் கொடுத்துத் தாத்தாவின் முகத்தை வளைக்கச் சொல்லலாம். காட்சிக்கலைப் பாடத்திட்டத்தில் உருவாக்குதல் என்ற பிரிவின்கீழ் அதைக் கணக்குக் காட்டிவிடலாம், தலைமையாசிரியருக்கும் மகிழ்ச்சி.

அடுத்த உலா குட்டி இந்தியா. இங்கே சுவரைப் பார்க்க வேண்டாம், ஆட்களைப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் கடைத்தெரு என்று அழைத்த லெபோ பாசார், 1833-இல் கட்டப்பட்ட குவீன் தெரு மகா மாரியம்மன் கோவில், சூலியா தெருவின் நாகூர் தர்கா எல்லாம் சில நிமிட நடையில் இருக்கின்றன. கரையோரத்தில் படகோட்டியும் மூட்டை தூக்கியும் வாழ்ந்த தமிழர்களின் பகுதி இது. ரஷ்ய ஓவியர் ஜூலியா வோல்ச்கோவா அப்படியோர் இந்தியப் படகோட்டியை இந்நகரின் சுவரொன்றில் பெரிதாக வரைந்திருக்கிறார். அருமையான கை அவருக்கு. ஆனால் படகோட்டியின் பேரன் பேத்திகள் வரைந்தால் எதை வரைவார்கள் என்ற கேள்வி எனக்கு அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் வரும்.

அதற்குப் பாதி விடை ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிடைத்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரைப் பிள்ளைகளோடு பேச அழைத்திருந்தேன். பேச்சு ஏறவில்லை. "அந்தக் காலத்தில் கஷ்டம்" என்றார், பிள்ளைகள் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். பிறகு அவர் பையிலிருந்து ஒரு மூட்டைக் கொக்கியை எடுத்தார். சாண் நீளக் கம்பி, முனை வளைந்து கூர்மையாக, பிடி மரக்கட்டை. கட்டை தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு பையன் வாங்கிப் பேனாவைப்போல் பிடித்தான். "அப்படி இல்லடா தம்பி" என்று அவன் விரல்களைப் பிரித்துக் கம்பியை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் விட்டு, கட்டையை உள்ளங்கையில் அழுத்தி மூடினார். "இப்போது கை வேறு, கொக்கி வேறு இல்லை." வெயில் சாய்ந்திருந்தது. ஐந்தடிச் சுவரில் பையனுடைய கையின் நிழல் கொக்கியோடு சேர்ந்து ஒரு பறவைத் தலைபோல் விழுந்தது. இன்னொரு பிள்ளை சாக்பீஸை எடுத்து அந்த நிழலைச் சுற்றிக் கோடு இழுத்தாள். பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவரே தம் கையை நீட்டி, "இதையும் போடு" என்றார். அன்று பத்தொன்பது கைகள் வரையப்பட்டன. கடைக்காரரிடம் கேட்டுத்தான் சாக்பீஸ் பிடித்தோம். போகும்போது வாளித் தண்ணீரில் கழுவியும் விட்டோம்.

அந்தக் கொக்கிதான் பின்னால் எங்கள் சுவராயிற்று. நான் அதை யோசித்திருக்கவே மாட்டேன். எனக்குத் தோன்றியிருந்தால் பெரியவரின் முகத்தைத்தான் பெரிதாக வரைந்திருப்பேன், சுருக்கங்களோடு, சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடித்த மாதிரி.

இந்த வழியில் நமக்கு முன்னால் நடந்தவர்கள் பினாங்கிலேயே இருக்கிறார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜேனட் பிள்ளையும் அவர் தொடங்கிய ஆர்ட்ஸ்-எட் அமைப்பும் ஜார்ஜ் டவுன் பிள்ளைகளைத் தெருவில் இறக்கி, கைவினைஞர்களையும் கடைக்காரர்களையும் பேட்டி எடுக்க வைத்து, அதிலிருந்து கலை செய்ய வைத்தார்கள். ஓரிடத்தின் தொழில், பேச்சு, பழக்கம் எல்லாவற்றையும் வரைபடமாகத் திரட்டுவதை அவர்கள் பண்பாட்டு வரைபடமாக்கல் என்கிறார்கள். உங்கள் பள்ளிக்கு அதை இப்படிச் சுருக்கிக்கொள்ளலாம்: பள்ளி வாசலிலிருந்து ஐந்நூறு மீட்டர் சுற்றளவுக்கு ஒரு பெரிய தாளில் தெருக்களை மட்டும் வரைந்து ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் நான்கு நான்கு பேராகப் போய் ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு கருவி, ஒரு சொல் கொண்டுவந்து அதில் சேர்க்க வேண்டும். மாவு மில்லின் வாசனை, இரும்புக் கடைச் சீனத் தாத்தா சில்லறை எண்ணும் சத்தம், நாசி லெமாக் விற்கும் மலாய் அம்மா வாழையிலையை மடிக்கும் மடிப்பு, பூக்கட்டும் அக்கா சொல்லும் முழக்கணக்கு. அக்கம்பக்கத்து மக்களை எப்படிச் சேர்ப்பது என்று தனியாகத் திட்டம் போட வேண்டிய தேவையே இருக்காது. தம்மிடம் வந்து கேள்வி கேட்ட பிள்ளை சுவரில் என்ன வரைகிறது என்று பார்க்க அவர்களே வருவார்கள். வந்தால் பிரஷைக் கையில் கொடுத்துவிடுங்கள். கோத்தோங் ரோயோங் (ஊர்கூடிச் செய்யும் பொதுப்பணி) நாள் ஒன்றை அறிவித்து மதியச் சாப்பாடும் போட்டுவிட்டால் சாரம் கட்டுவதற்கும் ஆள் கிடைத்துவிடும்.

இடையில் வரும் வாரங்களில் சமகாலக் கலையை உள்ளே கொண்டுவாருங்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் ஆசிரியர்கள் ஒதுங்குகிறார்கள். பிள்ளைகள் ஒதுங்குவதில்லை. ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 2002-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து கலைக்கூடத்தில் குழந்தைகளுக்காக ஓர் அறை செய்தார். நாற்காலி, மேசை, விளக்கு உட்பட முழு அறையும் வெள்ளை. வருகிற பிள்ளைகளுக்கு வண்ணப் புள்ளி ஒட்டுவில்லைகள் கொடுக்கப்பட்டன. நாளாக ஆக அறையே புள்ளிகளுக்குள் மறைந்துபோனது. உங்கள் பள்ளியில் உடைந்த நாற்காலி இரண்டு கட்டாயம் இருக்கும். வெள்ளை அடித்து, எழுதுபொருள் கடையில் விற்கும் ஒட்டுப்புள்ளிகளைக் கொடுத்துவிடுங்கள். நான் செய்தபோது கவனித்தது: முதலில் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். இருபது நிமிடத்தில் மூலைகள் நிறைந்துவிட்டன. அடுத்தவன் புள்ளிக்குப் பக்கத்தில் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் பேச்சுத் தொடங்கியது. கூட்டு வேலை எப்படி இருக்கும் என்பதை அந்த நாற்காலி கற்றுக்கொடுத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம் நாட்டு உதாரணம் இன்னும் கலகலப்பு. சபாவின் ரனாவ் வட்டாரத்தில் 2010-இல் உருவான பங்ரோக் சுலாப் குழுவினர் பெரிய மரப்பலகைகளில் செதுக்கி, மை தடவி, மேலே துணியை விரித்து, இசையோடு பலகைமேல் ஏறி மிதித்து அச்செடுப்பார்கள். பாதம்தான் அச்சு எந்திரம். ஊர்மக்களும் ஏறி ஆடுவார்கள். பிள்ளைகள் கையில் உளி கொடுக்கத் தயக்கமாக இருந்தால், தட்டையான நுரைத் தட்டில் பென்சிலால் அழுத்தி வரையச் சொல்லுங்கள். நீர்க்கலப்பு மையை ரோலரால் தடவி, பழைய படுக்கைவிரிப்பைப் போட்டு மிதிக்க வைக்கலாம். முப்பது தட்டுகளை நெருக்கி அடுக்கினால் ஒரே மிதியில் ஒரு பெரிய துணி. எழுத்து மட்டும் தலைகீழாக விழும். தன் பெயரைக் கண்ணாடியில் பார்த்தபடி எழுதிப் பழகும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவாவது இதைச் செய்யுங்கள்.

எழுத்து என்றதும் ஸ்டென்சில், அதாவது வடிவத்தை வெட்டி எடுத்த துளைவழியே சாயம் ஏற்றும் முறை, நினைவுக்கு வருகிறது. பாரிஸில் பிளெக் லெ ரா என்ற தெருக்கலைஞர் 1981-இல் எலிகளை அச்சு வெட்டி அடிக்கத் தொடங்கியதிலிருந்து தெருக்கலையின் கைவேலைகளில் முதன்மையானது அது. தமிழில் செய்யும்போது ஒரு சுவையான சிக்கல் வரும். ட, ப இரண்டையும் வெட்டினால் ஒழுங்காக வரும். க, வ, ண வெட்டினால் உள்ளே மூடியிருக்கும் சுழியின் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள எங்காவது ஒரு சிறு பாலம் விட வேண்டும். பாலத்தை எங்கே விட்டால் எழுத்து எழுத்தாகவே படிக்கும் என்று யோசிக்கிற பிள்ளை, தன் மொழியின் எழுத்து வடிவத்தை அதுவரை பார்க்காத விதத்தில் பார்க்கிறது. பழைய எக்ஸ்ரே படலம் வெட்டுவதற்கு மிக நன்றாக இருக்கும்; வெட்டும் வேலை பெரியவர்களுக்கு. இந்தத் தீவில் தமிழ் வகுப்பு 1816-இலேயே தொடங்கியது. ஆனால் இங்கே வண்ணச் சுவர்களில் என் கண்ணில் பட்ட தமிழ் எழுத்து மிகக் குறைவு. அந்தக் குறையை நீங்கள் தீர்க்கலாம்.

சாயத் தெளிப்பான் டப்பாக்களைப் பிள்ளைகள் கேட்பார்கள். ஆரம்பப்பள்ளி வயதில் கொடுக்க மாட்டேன். கரைப்பானின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, காகித முகக்கவசம் அதைத் தடுக்கவும் செய்யாது. ஸ்டென்சிலின்மேல் கடற்பஞ்சால் ஒற்றி எடுத்தாலே ஓரம் கூர்மையாக வரும்.

இனி படங்களை ஒன்றாக்கும் நாள். எட்டு வாரத்தில் நூற்றுக்கணக்கான தாள்கள் சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் மண்டபத் தரையில் பரப்புங்கள். தயவுசெய்து வாக்கெடுப்பு வைக்காதீர்கள். வாக்கெடுப்பில் வானவில்தான் ஜெயிக்கும், நான்கு முறை பார்த்துவிட்டேன். அதற்குப் பதிலாக, ஒருவரோடு ஒருவர் பேசாமலே பலர் வரைந்தது எது என்று தேடச் சொல்லுங்கள். எங்களுக்குக் கை வந்தது. கொக்கி, வாழையிலை மடிப்பு, பூநார், சில்லறை எல்லாவற்றிலும் கை இருந்தது. அதுவே புள்ளியாயிற்று. பிறகு விதிகளை நான் வைத்தேன்: சுவரில் அரை மீட்டருக்கு ஒரு புள்ளி, ஆளுக்கு ஒரு கை, முழங்கைவரை, ஒவ்வொரு கையும் பக்கத்துக் கையை ஓரிடத்திலாவது தொட வேண்டும், வண்ணம் நான்குதான், கலந்துகொள்ளலாம். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை. நான்கு வண்ணம் என்பது கஞ்சத்தனம் என்று பெற்றோர் சங்கத்தில் ஒருவர் முறையிட்டார். முப்பது பேர் வேலையை ஒரே படமாகக் காட்டுவது பெரும்பாலும் அந்தக் கஞ்சத்தனம்தான்.

கட்டம் போட்டுப் பெரிதாக்குவதைக் கணக்குப் பாடத்தோடு சேர்த்துவிடுங்கள். தாளில் இரண்டு சென்டிமீட்டர், சுவரில் அரை மீட்டர், எத்தனை மடங்கு என்று பிள்ளைகளே சொல்லட்டும். ஓவியம் வராது என்று சொன்னீர்கள். விகிதம் வருமல்லவா, அது போதும்.

சுவரைப் பற்றி இப்போதாவது பேசுவோம். இங்கே நான் பட்ட அவமானம் ஒன்றும் உண்டு. பெருநிலத்தில் ஒரு பள்ளியில் புதிதாகப் பூசிய சுவரைக் கொடுத்தார்கள். விழாத் தேதி குறித்தாகிவிட்டது என்று அவசரப்படுத்தினார்கள். நானும் பூச்சு முடிந்த பத்தாம் நாள் வண்ணம் அடிக்க ஒப்புக்கொண்டேன். மூன்று மாதத்தில் சுவர் உப்புப் பூத்தது. ஆறாம் மாதம் வண்ணம் அப்பளம்போல் உரிந்து விழுந்தது. பிள்ளைகள் துண்டுகளைப் பொறுக்கி வைத்திருந்தார்கள். சிமெண்டுப் பூச்சு உலரக் குறைந்தது 28 நாள் விட வேண்டும். அதற்குள் அடித்தால் ஈரமும் சிமெண்டின் காரத்தன்மையும் வெளியேற வழி தேடி வண்ணத்தைத் தள்ளிவிடும். பிறகு காரம் தாங்கும் பிரைமர் ஒரு பூச்சு, வெளிப்புற அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு பூச்சு. வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குப் பத்துச் சதுர மீட்டருக்குக் குறையாமல் வரும். ஆறு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம் என்றால் அடிவண்ணத்துக்கு மூன்று லிட்டர் போதும். போஸ்டர் கலர் வேண்டாம், முதல் மழைக்குத் தாங்காது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி என்பதால் ஜனவரி, பிப்ரவரிக்கு நாள் பாருங்கள். காலை எட்டிலிருந்து பத்துவரைதான் வேலை. அதற்குமேல் சுவரும் சுடும், பிள்ளைகளும் சுடுவார்கள்.

என்றைக்காவது ஜார்ஜ் டவுன் பழைய கடைவீட்டுச் சுவரில் செய்ய ஆசைப்பட்டால், அது வேறு கதை. அங்கே செங்கல்லின்மேல் சுண்ணாம்புப் பூச்சு. சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டபடி இருக்கும். அக்ரிலிக் அடித்தால் மூச்சு முட்டி, பூச்சோடு பெயர்ந்து வரும். பாரம்பரிய வட்டாரத்தில் வீட்டுக்காரரின் ஒப்புதலோடு மாநகர் மன்றத்தின் அனுமதியும் வேண்டும். "அனுமதி வாங்கினால் அது தெருக்கலையா?" என்று ஒரு பிள்ளை கேட்கும். நான் இன்னும் அதற்கு நேரான பதில் வைத்திருக்கவில்லை. "அந்தச் சுவர் உன் தாத்தாவின் கடை என்று வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு விவாதத்தை அவர்களிடமே விட்டுவிடுவேன்.

சுவரே சரியில்லை, அல்லது சக்கர நாற்காலிப் பிள்ளைகளும் உயரத்துக்குப் பயப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றால் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து முறை கைகொடுக்கும். 1984-இல் சுவர்க் கிறுக்கலைத் தடுக்கும் நகராட்சித் திட்டமாகத் தொடங்கிய அவர்களின் சுவரோவிய இயக்கத்தில், பாராசூட் துணி என்று அழைக்கப்படும் நெய்யாத மெல்லிய துணியில் உள்ளே உட்கார்ந்து வரைகிறார்கள். காய்ந்ததும் அக்ரிலிக் பசையால் வெளிச்சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். மேசைமேல் வைத்து வரையலாம், மழை பெய்தாலும் வேலை நிற்காது, முதியோர் இல்லத்துக்குக்கூட ஒரு துண்டை எடுத்துப்போய்த் தாத்தா பாட்டிகளை வரைய வைத்து வரலாம்.

ஓவியரை அழைக்கலாமா? தாராளமாக அழையுங்கள். ஆனால் கூலி கொடுத்து அழையுங்கள், சேவை என்று சொல்லி அலைக்கழிக்க வேண்டாம். வேலை தொடங்கும் முன் அவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: பிள்ளை வரைந்த கை கோணலாக இருந்தால் மாலையில் எல்லோரும் போன பிறகு திருத்துவீர்களா? "கொஞ்சம் சரிசெய்வேன்" என்பவர் நல்ல ஓவியராக இருக்கலாம், இந்த வேலைக்கு வேண்டாம். சுவரில் பெயர்கள் எல்லாமே ஒரே அளவில் இருக்கட்டும், ஓவியருடையதும் சேர்த்து. நன்கொடையாளர் பெயருக்கு வேறு பலகை வையுங்கள். பிள்ளைகளின் படங்களை வெளியில் பகிர்வதாக இருந்தால் பெற்றோரிடம் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்ணம் மங்கினால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சங்கத்தில் யாராவது கேட்பார்கள். நம் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் மூன்று நான்கு ஆண்டுகள்தான். எங்கள் கைச் சுவருக்கு மூன்றாம் ஆண்டு முடிவில் வெள்ளை அடிக்க முடிவு செய்தோம். ரோலர் பிடித்தது புதிய நான்காம் ஆண்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒருவன் கொக்கி பிடித்த அந்தக் கைக்குப் பக்கத்தில் வந்ததும் ரோலரை நிறுத்திவிட்டு, "இதை மட்டும் விட்டுவிடலாமா சார்?" என்று கேட்டான். விட்டுவிட்டோம். அடுத்த வாரம் அதைச் சுற்றித்தான் புள்ளி வைத்தார்கள்.